கால் அறிந்த உயரம்

என் தாய்மாமாவின் ஜீப்பில் பிரேக் பெடல் தரையிலிருந்து முளைத்து நிற்கும். இன்றைய வண்டிகளில் அது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தொங்குகிறது. அந்த ஜீப்பில் தரைத் தகட்டில் ஒரு துளை, துளை வழியே வளைந்து வரும் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் தலையில் செருப்பு பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழத்த ஒரு வட்டம். துளையை மூடியிருந்த ரப்பர் உறை ஒரு வருஷம் கிழிந்துபோனது. அந்த மழைக்காலம் முழுக்க மாமாவின் வேட்டி ஓரத்தில் செம்மண் சேறு காய்ந்தே இருந்தது. அவர் உறையை மாற்றச் சோம்பினார். பெடலைப் பார்க்க ஒரு நாளும் சோம்பியதில்லை.

நாற்பது வருஷம் கழித்து அதே ஜீப்பில் அந்தப் பெடலை எடுத்துவிட்டுப் பவர் பிரேக் வைத்தேன். வைத்தது சரிதான். வைத்த பிறகு பெடல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பார்க்காமல் மலை இறங்கினேன். அதுதான் தவறு. ஜவ்வாதுமலையில் இன்றும் பழைய ஜீப்பை வைத்துப் பிழைக்கிறவர்கள் பலர். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தால் போதும்.

மாமா அந்த ஜீப்பை ஓட்டியது வட ஆற்காடு மாவட்டம் பிரியாத காலத்தில். 1989-இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. திருப்பத்தூர் பிரிந்தது 2019-இல். மலை இப்போது மூன்று மாவட்டங்களுக்குள் கிடக்கிறது. அன்று எங்களுக்குத் தெரிந்த எல்லை ஒன்றுதான்: மேலே ஜமுனாமரத்தூர், கீழே போளூர். நடுவில் வளைவுகள்.

மாமாவின் ஜீப் அந்த இரண்டுக்கும் நடுவே ஓடியது. இறங்கும்போது சாமை மூட்டை, புளி, கடுக்காய், தேன் டின். பலாப்பழக் காலத்தில் மூட்டைகளுக்கு மேல் பலா. ஏறும்போது உப்பு, மண்ணெண்ணெய், துணி, தகரம். மூட்டைகளுக்கு நடுவிலும் பின்பக்கப் படியிலும் ஆட்கள். சில இரவுகளில் மூட்டையெல்லாம் இறக்கிவிட்டு, வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, வலி கண்ட பெண்ணைப் படுக்கவைத்துப் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அந்த இரவுகளில் மாமா பேச மாட்டார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி, "சாமி, மெதுவா போப்பா" என்பாள். "மெதுவாத்தான் தாயி போறேன்" என்று ஒரே ஒரு முறை சொல்வார். பிறகு அவர் கால் மட்டும் வேலை செய்யும்.

அந்தப் பிரேக்கில் அவருக்கு வேறு எந்த உதவியும் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம். ஓட்டுநர் கால் தகட்டுக்கு அடியில், சேஸிஸை ஒட்டி மாஸ்டர் சிலிண்டர். அழுத்துகிற காலின் பலத்தைப் பெடல் தண்டு ஏறக்குறைய ஆறு மடங்காக்கித் தரும், அவ்வளவுதான். மீதியைக் கெண்டைக்கால் தர வேண்டும். மாமாவின் வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருத்திருந்ததை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆயில் போவதற்கு ஒரே வழிதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகக் கைவிட்டுவிடும்.

அதனால்தான் கிளீனர் பையன் வேண்டியிருந்தது. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வண்டியின் பின்படியில் நின்றுகொண்டு வருவான். காலடியில் ஆப்பு மாதிரி சீவிய ஒரு வேங்கைக் கட்டை. மேட்டில் வண்டி தயங்கினாலோ சரிவில் நின்றாலோ மாமா சொல்லும் முன்பே குதித்துச் சக்கரத்துக்குக் கட்டையை அண்டக் கொடுத்துவிடுவான். வண்டியில் பவர் பிரேக் என்று அன்றைக்கு எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்தப் பையனின் இரண்டு கைகளைத்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை மாமா ஜீப்புக்கு அடியில் படுத்துவிடுவார். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரம்முக்குப் பின்னால் உள்ள அட்ஜஸ்டரை ஸ்பேனரால் திருகிச் சக்கரம் பிடிக்கும் வரை கொண்டுபோய், பிறகு கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றும் அளவுக்குப் பின்வாங்குவார். நான்கு சக்கரமும் முடிந்ததும் வந்து இருக்கையில் உட்கார்ந்து பெடலை விரலால் அழுத்துவார். முதல் அரை அங்குலம் வெறுமனே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். அந்த அரை அங்குலத்தை அவர் அளக்கிற கோல் தன் கட்டைவிரல் நகம். "இந்த நக அளவு சும்மா போவணும் மாப்ளே. போவலன்னா பிரேக்கு புடிச்சுக்கினே ஓடும். ரொம்ப போச்சுன்னா, வேணுங்கிறப்ப கால் எட்டாது" என்பார். அந்த வயதில் எனக்கு அது ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது. அதற்குள் முழு இயந்திரவியலும் இருந்தது என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டேன்.

இறங்குவதற்கும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: ஏறின கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய மேட்டை இரண்டாவதிலேயே இறங்குவார். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார். அந்தக் காலத்தில் டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கும் டிரைவர்களும் இருந்தார்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே நிறுத்தி, பிரேக் லைனர் கருகும் நெடியோடு அடிவாரம் வந்து சேர்வார்கள். மாமாவுக்கு அவர்களோடு பேச்சே கிடையாது.

அவர் காரணத்தை நான் பிற்பாடு கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால் ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இரண்டு குடம் கொதிநீர். அந்தச் சூட்டை எங்காவது இறக்கிவைத்தே ஆக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவும் நான்கு டிரம்மின் தலையில். டிரம் சூடானால் லைனரின் பிடிப்பு குறையும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொடும். புதிய டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரக்குறிப்பு. காற்றின் ஈரத்தைக் குடித்த பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். மாமா தரக்குறிப்பு படித்தவரல்லர். ஆனால் இரண்டு மழைக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுவார். "தண்ணி குடிச்ச ஆயிலு, தண்ணி குடிச்ச மாட்டைப் போல. பாரம் இழுக்காது."

1986 ஜனவரியில் இதே மலையில் உள்ள காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நான் அந்த வருஷம் மலையை விட்டு வாத்தியார் வேலைக்குக் கீழே இறங்கியவன். போவதற்கு முன் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். முதல் இறக்கத்தில் நான் கீழே குனிந்து பெடலைப் பார்த்தேன். முழங்காலில் ஓர் அடி விழுந்தது. "கண்ணு ரோட்டுல இருக்கணும். பெடல் எங்க இருக்குதுன்னு காலுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அந்த வாக்கியத்தை நான் முப்பத்தைந்து வருஷம் மறந்திருந்தேன்.

மாமாவுக்குப் பிறகு ஜீப் என்னிடம் வந்தது. ஓய்வு பெற்று மலைக்கே திரும்பியபோது அது கொட்டகையில் நின்றிருந்தது. இன்ஜின் நன்றாக இருந்தது. என் மகளுக்கு மலையிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. இப்போது தார்ச்சாலை உண்டு, பஸ் உண்டு, கூப்பிட்டால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனாலும் பள்ளிக்கூடத்துச் சாமான், பிள்ளைகளின் அவசரம் என்று எதற்கும் ஒரு வண்டி தேவைப்பட்டது. அவள் ஐந்தடி உயரம்தான். பழைய பெடலை மிதிக்க இருக்கை நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பையே காலின்மேல் சாய்க்க வேண்டியிருந்தது. என் முழங்கால் மூட்டும் தேய்ந்திருந்தது. பவர் பிரேக் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பவர் பிரேக் புதிய சங்கதியல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பெர் டெவாண்ட்ர் என்ற பொறியாளர் 1927-இல் கண்டுபிடித்த கருவியின் வழிதான் அது. நம் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தொடங்கியது. பவர் பிரேக்கில் காலுக்கு உதவும் பூஸ்டர் என்பது உள்ளே ஒரு ரப்பர்த் திரை கட்டிய இரும்பு உருண்டை. திரைக்கு முன்பக்கம் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். பெடலை மிதித்தால் பின்பக்கம் வெளிக்காற்று நுழையும். அந்தக் காற்றின் எடைதான் நமக்காக அழுத்துகிறது. 9 அங்குல பூஸ்டரில், உறிஞ்சல் நன்றாக இருக்கும்போது, 280 கிலோவுக்கு மேல் அந்த அழுத்தம் வரும். காவலூர் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட 8 விழுக்காடு போலக் குறைவு. அதனால் உதவியும் கொஞ்சம் குறையும், தெரிகிற அளவுக்கு அல்ல. பெட்ரோல் வண்டியில் இந்த உறிஞ்சலை இன்ஜினின் காற்றுக்குழாயிலேயே எடுத்துக்கொள்ளலாம். டீசலில் அது கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். எங்கள் ஜீப்புக்குப் பின்புறம் பம்ப் பொருத்திய ஆல்டர்னேட்டரை மாட்டினார்கள். தரையிலிருந்து முளைத்த பெடலை எடுத்துவிட்டுத் தொங்கும் பெடலை வைத்தார்கள். மாஸ்டர் சிலிண்டரும் இரட்டை வழி கொண்டதாக மாறியது. ஒரு வழி விட்டாலும் மற்றது நிறுத்தும். மாமாவின் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்!

வேலை நடந்தது கீழே சமவெளியில், ஒரு பட்டறையில். கிளம்பும்போது, "இனிமே ஒத்தை விரலால அழுத்தலாம் சார்" என்றார்கள். உண்மைதான். மேலே ஏறும் வரை நான் சிறுபிள்ளை போல மகிழ்ந்துகொண்டே வந்தேன். ஒரே ஒரு உறுத்தல்: ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது குதிகாலைத் தரையிலிருந்து எடுத்து முழங்காலைத் தூக்க வேண்டியிருந்தது. புதுசு, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் போளூருக்கு இறங்கினோம். மகள் பக்கத்தில். பின்னால் நான்கு மூட்டை சாமை. மூன்றாவது வளைவிலேயே எனக்குத் தெரிந்த நெடி வந்தது. லைனர். நான் பிரேக்கை அதிகம் தொடவே இல்லை, கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஏன் கருகுகிறது என்று யோசித்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்தபோது எதிரில் பஸ் ஏறி வந்தது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும், விதி அது. காலை மாற்றினேன். பெடலின் மேல் போக வேண்டிய செருப்பு நுனி பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. ஒரு கணம் பிரேக் எங்கே இருக்கிறதென்று என் காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன்.

காலை உருவி, தூக்கி, பயத்தில் முழு பலத்தோடு மிதித்தேன். பழைய பிரேக்குக்குப் பழகிய பலம் அது. பூஸ்டர் அதைப் பல மடங்காக்கியது. நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு, பின்பக்கம் வழுக்கி, ஜீப் பாதி திரும்பி, ஓரச் சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றது. பஸ் டிரைவர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மெல்லக் கடந்து போனார். மகள் என் கையைப் பிடித்தாள். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

2022 ஏப்ரலில் இதே மலையில், புதூர்நாட்டுப் பக்கம், செம்பரை மலைக்கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். இந்த மலையில் வாழ்கிற யாருக்கும் ஓரச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரம் ஆறும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும். பிறகு ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியைத் திருப்பி மேலே ஏற்றி ஜமுனாமரத்தூருக்கே கொண்டுபோனேன். அங்கே ஒரு மெக்கானிக் கொட்டகை. அதை வைத்திருப்பவர் யாரென்றால், அன்று வேங்கைக் கட்டையோடு பின்படியில் நின்ற அதே பையன். இப்போது தலை நரைத்து, மூக்கில் கண்ணாடி. ஜீப்பைப் பார்த்ததும், "மாமா வண்டிதானேண்ணா?" என்றார். ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர் பெடலை ஒரு முறை தொட்டார். "இன்னாண்ணா இது, பரண் மேல வச்ச மாதிரி இருக்குது?"

அன்று பிற்பகல் முழுவதும் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் இதில் முக்கியம்.

முதலில் பெடலைத் தொடவே இல்லை. நான்கு சக்கரத்தையும் தூக்கிப் பிரேக் ஷூக்களைச் சரிசெய்தார், மாமா சனிக்கிழமை செய்தது போலவே. "லைனர் தேஞ்சு பெடல் இறங்கினா அதை ராடை நீட்டி மறைக்கக் கூடாதுண்ணா. மொதல்ல சக்கரம், அப்புறம்தான் பெடல்" என்றார். அடுத்து ஆயிலில் காற்று இருக்கிறதா என்று நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் அதன் உயரத்தை அளப்பதில் பொருளில்லை.

பிறகு மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய்களைப் பிரிக்காமல் அதைச் சற்று முன்னுக்கு நகர்த்தி, பூஸ்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முன்ராடை வெர்னியரால் அளந்தார். அந்த ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் போல இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் ராடு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு நின்றால், ஆயில் திரும்புகிற சின்னத் துளை மூடிக்கொள்ளும். அழுத்தம் உள்ளேயே தங்கும். பிரேக் உரசும். உரசினால் சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்தால் இன்னும் இறுகும். எங்கள் வண்டியில் அந்த இடம் சரியாகவே இருந்தது.

கோளாறு பின்ராடில். பெடலையும் பூஸ்டரையும் இணைக்கிற ராடு அது. அதன் நுனியில் ஒரு கவட்டை, மறையில் திருகிக் கூட்டவோ குறைக்கவோ வசதி, அதைப் பூட்ட ஒரு லாக் நட்டு. பூஸ்டர் வேறொரு வண்டிக்காகச் செய்யப்பட்டது. ராடு அதே நீளத்தில் இருந்தது. பொருத்தியவர்கள் அதை அப்படியே மாட்டிவிட்டார்கள். நீளமான ராடு பெடலை மேலே தள்ளியது. மேலே போன பெடல் பிரேக் விளக்கின் சுவிட்சில் முட்டி நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை. ஆகவே ராடு பூஸ்டரை ஒரு துளி அழுத்தியபடியே இருந்தது. செருப்பு சிக்கியதும் லைனர் கருகியதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். மாமா சொன்ன நக அளவு அங்கே இல்லவே இல்லை.

தரை விரிப்பை எடுத்துவிட்டு, தகட்டிலிருந்து பெடல் பரப்பு வரை இரும்பு அடிக்கோலால் அளந்தார்: 215 மில்லிமீட்டர். கிளட்ச் பெடல் 170-இல் இருந்தது. ஆக்சிலரேட்டர் 125-இல். "கிளட்சும் பிரேக்கும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கீழ இருக்கணும், ஆனா அரை சாண் கீழ இருக்கக் கூடாது." சுவிட்சைத் தளர்த்திப் பின்னுக்கு இழுத்தார். லாக் நட்டைத் தளர்த்திக் கவட்டையைத் திருகத் தொடங்கினார். ஒரு சுற்றுக்கு ராடு ஒன்றேகால் மில்லிமீட்டர் குறைகிறது. தொங்கும் பெடலின் நெம்புகோல் விகிதம் நான்கு. ஆகவே பாதம் படும் இடத்தில் அது 5 மில்லிமீட்டர். ஒன்பது சுற்றில் பெடல் 170-க்கு வந்து கிளட்ச்சோடு சமமாக நின்றது.

லாக் நட்டை இறுக்கும் முன் மகளை உட்காரச் சொன்னார். குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே பாதத்தைத் திருப்பிப் பிரேக்கில் வைக்க முடிகிறதா என்று பார்த்தார். அவள் வழக்கமாகப் பள்ளிக்குப் போட்டுப் போகும் செருப்போடு ஒரு முறை, வெறுங்காலில் ஒரு முறை. முழுதாக மிதிக்கச் சொல்லி, பெடலுக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு மிச்சம் என்று அளந்தார்: 75 மில்லிமீட்டர். உயரத்தைக் குறைத்த பேராசையில் அடியில் மிச்சமில்லாமல் போய்விடக் கூடாது. பிறகு சுவிட்சைப் பெடலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி முன்னுக்குக் கொண்டுவந்து, பின்னால் விளக்கு மிதித்தால் எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்.

கடைசியில் பூஸ்டர் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து முறை மிதித்தார். பெடல் கல்லாக இறுகியது. காலை எடுக்காமல் இன்ஜினை ஓட்டினார். பெடல் தானாக ஒரு விரல்கடை கீழே இறங்கியது. "உசுரு இருக்குதுண்ணா." அப்புறம் இன்ஜினை அணைத்து என்னை மிதிக்கச் சொன்னார். இரண்டு முறை மிருதுவாகப் போனது. மூன்றாவது முறை பாறை.

"இதைத்தான் நீங்க எல்லாருக்கும் சொல்லணும். அந்தக் காலத்துல இன்ஜினை நிறுத்திட்டு இறக்குனவன் பொழைச்சான், ஏன்னா அவன் பிரேக்கு இன்ஜினை நம்பி இல்ல. இதுல இன்ஜின் நின்னா ரெண்டு மிதிதான். மலையில எத்தனை வளைவு?"

நான் அங்கே நின்றபடி இரண்டு காலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அன்றைய பிரேக் கடுமையானது; ஒவ்வொரு மிதியிலும் மாமாவுக்குத் தன் வண்டியின் கனம் தெரிந்தது, அதனால் வாரந்தோறும் அதற்கு அடியில் படுத்தார். இன்றைய பிரேக் மிருதுவானது. ஐந்தடிப் பெண் ஒருத்தி அதே மலையைத் தன் காலாலேயே ஆள முடிகிறது. இது பெரிய விஷயம். அன்று வைக்கோல் மேல் படுத்து வலியோடு இறங்கிய பெண்களின் பேத்திகள் இன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். ஆனால் இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அந்தச் சூடு அன்றும் இன்றும் ஒன்றே. பூஸ்டர் அதில் ஒரு சொட்டையும் குறைப்பதில்லை. அது காலின் வேலையை எடுத்துக்கொள்கிறது. டிரம்மின் வேலையையோ ஓட்டுபவரின் கவனத்தையோ எடுத்துக்கொள்வதில்லை. பலத்தைக் கருவி தரும். அளவை நாம்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் காலை சமமான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தோம். எதுவும் மற்றதைவிடச் சூடாக இல்லை. அதற்குப் பிறகுதான் மலை இறங்கினோம். மகள் ஓட்டினாள். இரண்டாவது கியர். அவள் கண் சாலையில் இருந்தது. நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில்கூட அது பெடலைத் தேடவில்லை.

பழைய வண்டிக்குப் பவர் பிரேக் வைக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. எனவே கைவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் தரை விரிப்பைத் தூக்கிப் பெடலை அளக்கச் சொல்லுங்கள். கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே மட்டமா, மிதிக்கும் முன் சிறிது வெறுமனே போகிறதா, விட்டபின் நான்கு சக்கரமும் தாராளமாகச் சுற்றுகிறதா என்று நீங்களே பாருங்கள். வண்டியை ஓட்டப்போகிறவர் யாரோ, அவரை உட்காரவைத்துப் பாருங்கள். இறக்கத்தில் இன்ஜினை அணைக்காதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

ஓர் அடிக்கோல், ஒரு ஸ்பேனர், ஒரு பிற்பகல். எங்கள் இருவரின் உயிருக்கும் அந்த வளைவில் அன்று குறையாக இருந்தது அந்த ஒன்பது சுற்றுதான்.